திரும்புவதற்காக நின்ற இடம்

என் கணவர் வண்டியை வலது பக்கம் திருப்புவதில் மிகவும் கவனமானவர். கட்டிய மனுஷனைப் பற்றி எழுத உட்கார்ந்தவள் இதையா முதலில் எழுதுவாள் என்று தோன்றலாம். எங்கள் வாழ்க்கை உடைந்தது அப்படி ஒரு திருப்பத்தில்தான். அதனால் இதிலிருந்துதான் என்னால் தொடங்க முடிகிறது.

கொல்லிமலையில் பெரக்கரை நாடு என்று சொல்லும் ஊர்க்கூட்டத்தில் எங்கள் வீடு. மிளகும் மரவள்ளியும் கொஞ்சம் பலாவும் உண்டு. அதோடு ஒரு பிக்கப் வண்டியும் வைத்திருந்தோம். சோளக்காட்டுச் சந்தையில் சேரும் பலா, அன்னாசி, வாழைத்தார்களை ஏற்றிக்கொண்டு கீழே இறங்கி, நான்கு வழிச்சாலையை ஒட்டியிருக்கும் ஓர் ஊரின் பழ மண்டியில் இறக்கிவிட்டு வருவது அவர் வேலை. வாரத்தில் பாதி நாள் நானும் கூடப் போவேன். மண்டியில் பேரம் பேச அவருக்கு வராது. அதற்கு நான்.

மலைப்பாதையில் அவர் ஓட்டுவதைப் பார்த்தால் பயமே இருக்காது. வளைவுக்கு முன்னால் ஹாரன், இறக்கம் முழுக்க இரண்டாவது கியர், ஏறி வருகிற வண்டிக்கு எப்போதும் வழி. எதிரில் பேருந்தின் மூக்கு தெரிந்ததுமே ஒதுக்கி நிறுத்தி, அது வளைவை முடித்துப் போகும் வரை காத்திருப்பார். பேருந்து ஓட்டுநர்கள் அவருக்குக் கை காட்டிவிட்டுப் போவார்கள். மலையில் எல்லோருக்கும் இந்த முறை தெரியும். தெரியாமல் வருகிற சுற்றுலாக்காரர்கள்கூட இரண்டு வளைவுக்குள் கற்றுக்கொண்டுவிடுவார்கள். பக்கத்தில் பள்ளம் இருப்பதால் கற்றுக்கொள்வார்கள்.

கீழே பள்ளம் கிடையாது. அதனால்தானோ என்னவோ, நான்கு வழிச்சாலையில் யாரும் எதையும் கற்றுக்கொண்டதாக நான் பார்க்கவில்லை.

மண்டிக்குப் போக அந்தச் சாலையில் ஏறி, கொஞ்ச தூரம் ஓடி, வலது பக்கம் திரும்ப வேண்டும். அந்த இடத்தில் நடுத்தடுப்பு விட்டுப்போயிருக்கும். அதற்குச் சற்று முன்னாலேயே தடுப்பை ஒடுக்கி, ஒரு வண்டி நிற்கும் அகலத்துக்குச் சாலையைக் கூடுதலாக விட்டிருந்தார்கள். திரும்ப வேண்டியவர்கள் நேராகப் போகிறவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் அதற்குள் ஒதுங்கி, எதிர்ப்பக்கம் வண்டி ஓய்ந்ததும் திரும்பிக்கொள்ள வேண்டும். அதற்கு அதிகாரிகள் என்ன பெயர் வைத்திருந்தார்களோ, நாங்கள் ‘நிக்கற எடம்’ என்றுதான் சொல்வோம்.

புதிதாகச் சாலை போட்டபோது அங்கே வெள்ளைக் கோடும் தரையில் வளைந்த அம்புக்குறியும் இருந்தன. என் கணவர் அவற்றை ஒரு நாள் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, இறங்கி நடந்துபோய்ப் பார்த்தார். எங்கே கோடு விட்டு விட்டுப் போகிறதோ அங்கேதான் உள்ளே நுழையலாம், கோடு விடாமல் போகும் இடத்தில் நுழையக் கூடாது என்று அவராகவே கண்டுபிடித்து என்னிடம் சொன்னார். அதற்கு அப்புறம் ஒரு நாளும் மாறவில்லை. வெகு தூரத்திலேயே இண்டிகேட்டர் போடுவார். கண்ணாடியில் ஒரு முறை, தலையைத் திருப்பி ஒரு முறை பார்ப்பார். ஓடுகிற தடத்தில் வேகத்தைக் குறைக்க மாட்டார். உள்ளே நுழைந்த பிறகுதான் குறைப்பார். நின்றதும் பிரேக்கை மிதித்தபடியே இருப்பார், பின்னால் சிவப்பு விளக்கு எரிய வேண்டும் என்று.

எனக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். நானாகக் கேட்டேன். எங்கள் பக்கத்தில் பெண்கள் ஸ்கூட்டியே அப்போதுதான் ஓட்டத் தொடங்கியிருந்தார்கள். பிக்கப்பில் ஸ்டியரிங் பிடித்து உட்கார்ந்தவளைப் பார்க்கச் சோளக்காட்டுக் கடைக்காரர்கள் வெளியே வந்து நின்றார்கள். அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை. மேலே ஓட்டப் பழகியதும் ஒரு நாள் காலி வண்டியோடு கீழே கூட்டிப்போனார். நிக்கற எடத்தில் நின்றதும் நான் பழக்கமில்லாமல் ஸ்டியரிங்கை வலது பக்கம் முழுக்க ஒடித்துவைத்துக்கொண்டு காத்திருந்தேன், வழி கிடைத்ததும் சட்டென்று போய்விடலாம் என்று.

அவர் கையை நீட்டி ஸ்டியரிங்கை நேராக்கினார்.

“ஒடிச்சு வெக்காத புள்ள. பின்னாடி எவனாச்சும் இடிச்சான்னா, வண்டி நேரா எதுக்க வர்ற லாரிக்குள்ள போயி உழும். சக்கரம் நேரா இருந்தா முன்னாடிதான் போகும். போறப்பத்தான் ஒடிக்கோணும்.”

“பின்னாடி எதுக்குங்க இடிக்கறாங்க? நாம ஒதுங்கித்தான நிக்கறோம்?” என்று கேட்டேன்.

“அது அவுனுக்குத் தெரியோணுமே,” என்றார்.

ஆனி மாதம். பலா வரத்து அதிகம். அன்றைக்கு வண்டி நிறையப் பலா ஏற்றி, கயிறு இழுத்துக் கட்டி, காலையில் இறங்கினோம். நான் இடது பக்க இருக்கையில் உட்கார்ந்து மடியில் சாப்பாட்டுத் தூக்குப்போசியை வைத்திருந்தேன். வெயில் நன்றாக ஏறியிருந்தது. மழை இல்லை, பனி இல்லை, கண்ணை மறைக்க ஒன்றும் இல்லை. இதை நான் பிறகு பல பேரிடம் பல தடவை சொல்ல வேண்டியிருந்தது.

வழக்கம்போல முன்னாலேயே இண்டிகேட்டர் போட்டார். உள்ளே நுழைந்து நிறுத்தினார். எதிர்ப்பக்கம் லாரிகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. மண்டிக்காரரிடம் இன்றைக்காவது பலாவைத் தட்டிப் பார்க்காமல் விலை சொல்லக் கூடாது என்று நான் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் ‘ம்’ கொட்டினார். அந்த ‘ம்’ தான் அவர் நன்றாக இருந்தபோது நான் கேட்ட கடைசிச் சத்தம்.

எங்களுக்குப் பின்னால் ஓடுகிற தடத்தில் ஒரு லாரி மெதுவாக வந்திருக்கிறது. அதற்குப் பின்னால் ஒரு கார். லாரியை முந்த இடம் தேடிய கார்க்காரர், லாரிக்கு வலது பக்கம் சாலை திடீரென்று அகலமாவதைப் பார்த்து, காலித் தடம் என்று நினைத்து ஏறி மிதித்திருக்கிறார். அந்தத் தடத்தின் கோடியில் நாங்கள் நின்றுகொண்டிருந்தோம்.

இடித்த சத்தம் எனக்கு ஞாபகம் இல்லை. வண்டி முன்னால் பாய்ந்தது தெரியும். சக்கரம் நேராக இருந்ததால் எதிர்ச்சாலைக்குள் போகாமல், இடைவெளியைத் தாண்டி, மறுபக்கம் தொடங்கும் தடுப்பின் முனையில் மோதி நின்றது. நின்ற வேகத்தில் பின்னாலிருந்த பலா மொத்தமும் முன்னால் வந்தது. கயிறு அறுந்துவிட்டது. கேபினின் பின்தகடு அவர் பக்கம்தான் உள்ளே வளைந்தது. என் பக்கம் ஒன்றும் ஆகவில்லை, மணிக்கட்டு உடைந்ததைத் தவிர.

கதவைத் திறந்து நான் இறங்கியபோது சாலை முழுக்கப் பலாப்பழம். சில பழங்கள் வெடித்து, அந்த வெயிலில் இனிப்பு வாசம் அடித்தது. எதிரே வந்த லாரிக்காரர்கள் நிறுத்தி ஓடிவந்தார்கள். என் கணவர் உட்கார்ந்தபடியே இருந்தார். முகத்தில் ரத்தம்கூட இல்லை. “கால் இருக்குதா பாரு புள்ள,” என்று கேட்டார். இருக்கிறது என்று சொன்னேன். “இல்லாத மாதிரி இருக்குது,” என்றார்.

கார்க்காரர் வயதில் சின்னவர். நெற்றி கிழிந்து ரத்தம் வடிந்தது. அப்படியே எங்கள் வண்டியின் பக்கம் வந்து, என் கணவரைப் பார்த்துக் கத்தினார்.

“நடு ரோட்டுல எதுக்குய்யா வண்டிய நிறுத்துன? நடு ரோட்டுல யாராச்சும் நிறுத்துவாங்களா?”

அவர் தப்பிப்பதற்காக அப்படிச் சொன்னதாக நான் நினைக்கவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நம்பினார். அந்தத் தடம் எதற்கு இருக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. கூடியிருந்தவர்களுக்கும் சொல்லியிருக்கவில்லை. அவர்களில் ஒருவர் எங்கள் வண்டியில் எழுதியிருந்த ஊர்ப் பெயரைப் பார்த்துவிட்டு, மலையில ஓட்டறவங்களுக்குப் பெரிய ரோடு பழக்கம் இருக்காது என்று பக்கத்தில் இருந்தவரிடம் விளக்கினார். அதைச் சொல்லிக்கொண்டே என் கணவரை வெளியே தூக்குவதற்குக் கையும் கொடுத்தார். அந்தக் கையை நான் குறை சொல்ல முடியாது.

முதுகுத்தண்டு நசுங்கியிருந்தது. அறுவை சிகிச்சை செய்தார்கள். பெரிய மருத்துவமனையில் பல வாரம் கிடந்தோம். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி வரவில்லை. வரலாம் என்று ஒரு மருத்துவர் சொன்னார். இனிமேல் பயிற்சிதான் என்று இன்னொருவர் சொன்னார். அவர்களில் ஒருவர், நான் நடந்ததை விளக்கியபோது, சக்கரத்தை நேராக வைத்திருந்ததால்தான் உயிர் பிழைத்தார், ஒடித்து வைத்திருந்தால் எதிர் லாரியில் இருவரும் போயிருப்பீர்கள் என்றார். நான் அதை என் கணவரிடம் போய்ச் சொன்னேன், சந்தோஷப்படுவார் என்று. அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

காவல் நிலையத்துக்கு என் தம்பியோடு போனேன். அங்கிருந்த காவலர் மரியாதையாகத்தான் நடத்தினார். நாற்காலி போட்டு, டீ வாங்கிக் கொடுத்தார். நான் சொன்னதை எழுதிக்கொண்டார். எழுதி முடித்துவிட்டு, “ஏனுங்கம்மா, அங்க நிக்காம நேராப் போயி தூரத்துல அடுத்த இடைவெளியில திரும்பியிருந்தா இந்த வம்பே இல்லீங்களே,” என்றார். நிற்பதற்காகத்தானே அந்த இடத்தை விட்டிருக்கிறார்கள் என்றேன். விட்டிருக்காங்கதான் என்று ஒத்துக்கொண்டார்.

வழக்கு நடந்தது. எங்கள் முறை வரும் நாளெல்லாம் என் தம்பியும் நானும் அவரைத் தூக்கி வண்டியில் உட்கார வைத்து, நீதிமன்றத்துக்குக் கொண்டுபோவோம். அங்கே மரத்தடியில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். பெரும்பாலும் தேதி தள்ளிப்போகும். என்னைக் கூண்டில் ஏற்றிய அன்று எதிர்த்தரப்பு வக்கீல் சில போட்டோக்களைக் காட்டினார். விபத்து நடந்த இடம். இதில் கோடு எங்கே இருக்கிறது என்று கேட்டார். டயர் தேய்த்துத் தேய்த்துக் கோடு போய்விட்டது. அம்புக்குறி எங்கே என்று கேட்டார். அதுவும் போய்விட்டது. பலகை இருந்ததா என்று கேட்டார். ஒரு காலத்திலும் இருந்ததில்லை.

“அப்போ அது வண்டி நிற்கும் இடம் என்று உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிந்தது?”

நான் யோசித்துவிட்டு, “ரோட்ட வேற எதுக்குங்க அங்க மட்டும் அகலமா விட்டிருப்பாங்க?” என்று கேட்டேன். நீதிமன்றத்தில் கேள்வி கேட்பது என் வேலை இல்லை என்று சொன்னார்கள்.

தவறு இரண்டு பக்கமும் இருப்பதாகத் தீர்ப்பு வந்தது. பெரும்பங்கு கார்க்காரர் மேல், கொஞ்சம் எங்கள் மேல். எங்கள் வக்கீல் இதுவே நல்ல தீர்ப்பு என்று என் தம்பியின் தோளைத் தட்டினார். மேல்முறையீடு போனால் வருடக்கணக்கில் இழுக்கும் என்றார். நாங்கள் போகவில்லை.

அன்றைக்குத் திரும்பி வரும்போது வாடகைக் காரைத் தம்பி ஓட்டினான். அவர் முன் இருக்கையில், நான் அவருக்குப் பின்னால் தோளைப் பிடித்துக்கொண்டு. மலை ஏறத் தொடங்கி, காற்று குளிர்ந்த பிறகு, திரும்பாமலேயே என்னிடம் கேட்டார்.

“நான் நேராத்தான நின்னேன் புள்ள?”

“ஆமாங்க.”

“இண்டிகேட்டர் போட்டேன்ல?”

“போட்டீங்க. பிரேக்கும் மிதிச்சுத்தான் இருந்தீங்க.”

“அப்பறம் எந்தக் கொஞ்சம் எம்மேல?”

வளைவு வந்தது. தம்பி ஹாரன் அடித்தான்.

வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, என் கை கூடியதும் நான் ஓட்டத் தொடங்கியிருந்தேன். தம்பிக்குத் தன் பிழைப்பு இருக்கிறது. எங்கள் பிக்கப்பைத் தட்டி நிமிர்த்தி, கேபினுக்குப் புதுத் தகடு போட்டுக் கொடுத்தார்கள். அவருக்குப் பயிற்சி கொடுக்கும் இடம் அந்த மண்டி ஊரிலேயே இருந்தது. எலும்பு மருத்துவர் ஒருவர் நடத்தும் சின்ன இடம். அங்கே ஒரு பெண் கால்களை மடக்கி நீட்டி, பட்டையைக் கட்டி நிற்க வைத்து, பொறுமையாகச் செய்வார். வேறு இடம் போகலாம் என்றால் இன்னும் வெகு தூரம். ஆகவே நாங்கள் திரும்ப வேண்டிய இடம் அதேதான்.

முதல் முறை போனது இன்னும் உடம்பில் இருக்கிறது. கோடு விட்டு விட்டுப் போன இடம் எது என்று எனக்கு மனப்பாடம். அங்கேயே நுழைந்து நின்றேன். சக்கரம் நேராக. கால் பிரேக்கில். எனக்கு முன்னால் பார்க்கத்தான் தோன்றவில்லை. கண் கண்ணாடியிலேயே இருந்தது. பின்னால் ஒரு பஸ் வந்து ஹாரனை விடாமல் அடித்தது. அதுவும் எங்கள் தடத்துக்குள்தான் மூக்கை நீட்டிக்கொண்டு வந்தது. கடைசி நேரத்தில் ஒடித்துக்கொண்டு போனபோது நடத்துநர் படியில் தொங்கியபடி, பொம்பளைங்களுக்கு எதுக்கு இந்த வேலை என்று சொல்லிவிட்டுப் போனார்.

எதிர்ப்பக்கம் காலியாகிவிட்டது. எனக்குத் தெரிகிறது காலி என்று. கால் பிரேக்கை விட்டு எழவில்லை. என் கணவர் ஒரு கையால் முன்தட்டைப் பிடித்துக்கொண்டு, இடது பக்கக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் நெற்றியெல்லாம் வியர்வை. மெதுவாக, “இப்பப் போ புள்ள. எதுக்க பைக் எதாச்சும் வருதான்னு பாத்துட்டுப் போ,” என்றார். போனேன். அந்த ஊருக்குள் நுழைந்ததும் ஒரு புளியமரத்தடியில் நிறுத்திவிட்டு இரண்டு பேரும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம்.

ஒவ்வொரு முறையும் இப்படித்தான். பழகிவிடும் என்றார்கள். பழகவில்லை. போகப் போக வேறு வேறு விதமாகப் பயந்தேன், அவ்வளவுதான். ஒரு நாள் அந்தத் தடத்துக்குள் ஒரு டேங்கர் லாரியை நிறுத்திவிட்டு ஓட்டுநர் எதிர்ப்பக்கம் டீ குடிக்கப் போயிருந்தார். ஒரு நாள் எதிர்த்திசையிலிருந்து பைக்குகள் அதற்குள்ளேயே எங்களைப் பார்த்து வந்தன. முந்துகிறவர்கள் எப்போதும் இருந்தார்கள். ஒதுங்கி நிற்கும் எங்களைத்தான் எல்லோரும் முறைத்தார்கள்.

அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. கோட்டைத் திரும்பப் போட்டு, ஒரு பலகை வைத்தால் போதும், ஜனங்களுக்குத் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். மனு எழுதிக்கொண்டு சாலை அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த அதிகாரி அக்கறையாகக் கேட்டுக்கொண்டார். சொன்னபடி ஆட்கள் வந்து வெள்ளைக் கோடு போட்டார்கள், அம்புக்குறி போட்டார்கள், வலது பக்கம் திரும்பும் வண்டிகளுக்கு மட்டும் என்று பலகை நட்டார்கள். அடுத்த முறை போனபோது அந்தப் பலகையைப் பார்த்து என் கணவர் சிரித்தார். விபத்துக்குப் பிறகு அவர் சிரித்து நான் அப்போதுதான் பார்த்தேன். “நம்ம பலகை,” என்றார்.

பலகையை மழைக்காலத்துக்கு முன்னாலேயே ஏதோ வண்டி இடித்துச் சாய்த்துவிட்டது. சாய்ந்தபடி கொஞ்ச நாள் கிடந்தது. அப்புறம் காணவில்லை. அதே தடத்தில் நின்ற ஒரு பைக்கைப் பின்னாலிருந்து வேன் அடித்து, அதில் வந்த கணவனும் மனைவியும் போய்விட்டார்கள். மண்டியில் சொன்னார்கள். அவர்கள் யாரென்று எனக்குத் தெரியாது. அன்றைக்கு என் கணவர் சாப்பிடவில்லை.

அதற்கு அடுத்த முறை நாங்கள் போனபோது திரும்ப இடமில்லை. இடைவெளியை அடைத்துப் பெரிய பெரிய கான்கிரீட் கட்டைகளை வைத்திருந்தார்கள். தெரியாமல் இண்டிகேட்டரைப் போட்டுக்கொண்டே கொஞ்ச தூரம் போய்விட்டேன். பிறகு அலுவலகத்துக்குப் போய்க் கேட்டேன். அதே அதிகாரிதான். ஆபத்தான இடம் என்று நிறையப் புகார், அடைக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு என்றார். பிறகு, என்னைத் திருப்திப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு, “நீங்க குடுத்த மனுவையும் சேத்துத்தாங்கம்மா அனுப்புனோம்,” என்றார்.

நான் அடைக்கச் சொல்லவில்லை என்று அவரிடம் சொல்லவில்லை. சொல்லி என்ன? வெளியே வந்து, படியிறங்கி, வண்டியில் உட்கார்ந்திருந்தவரிடம் மட்டும் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார்.

அடைத்ததால் யாரும் தூரம் போய்த் திரும்பவில்லை. மண்டிக்கு வருகிறவர்கள், அந்த இடத்துக்கு முன்னாலேயே வரும் பாலத்துக்கு அடியில் குறுக்கே கடந்து, எதிர்ச்சாலையின் ஓரமாக, எதிர்த்திசையில் வரத் தொடங்கினார்கள். பைக், ஆட்டோ, பால் வண்டி, கரும்பு டிராக்டர்கூட. என் தம்பியும் அப்படித்தான் போகிறான். “எல்லாரும் அப்படித்தானுங்க்கா போறாங்க. கொஞ்ச தூரந்தான,” என்று என்னையும் போகச் சொன்னான். நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் வேண்டாம் என்றார். எதிரே வருகிறவன் நம்மை எதிர்பார்த்து வரமாட்டான் என்றார். ஆகவே தொலைவில் இருக்கும் அடுத்த இடைவெளிக்கே போனோம். அங்கே ஒதுங்கி நிற்கத் தடம் கிடையாது. வேகமாக ஓடும் தடத்திலேயே, பின்னால் வருகிறவர்களுக்கு முன்னால் அப்படியே நிறுத்த வேண்டும். சில மாதம் அப்படியும் போனோம். எப்படிப் போனோம் என்று இப்போது நினைத்தால் புரியவில்லை.

கடைசியாகப் போன நாளில் என்னால் முடியவில்லை. இண்டிகேட்டர் போட்டு வேகத்தைக் குறைத்தபோது, பின்னால் கண்ணாடி நிறைய ஒரு லாரியின் முகம். ஹாரன் அடித்துக்கொண்டே வருகிறது, குறைப்பதாகத் தெரியவில்லை. நான் நிற்கவில்லை. அப்படியே நேராகப் போய்விட்டேன். அடுத்த இடைவெளி அடைத்திருந்தது. அதற்கடுத்ததில் தடுப்பை ஒட்டி வேலை நடந்துகொண்டிருந்தது. சுங்கச்சாவடி வரை போய், அதைத் தாண்டித்தான் திரும்ப முடிந்தது. வெயில். அவருடைய மூத்திரப் பை நிறைந்து, குழாய் கழன்று, வேட்டியும் இருக்கையும் நனைந்துவிட்டன. ஓரமாக நிறுத்தித் துடைத்தேன். போகிற வருகிறவர்கள் பார்த்துக்கொண்டே போனார்கள். அவர் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார்.

பயிற்சி நிலையத்துக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அந்தப் பெண் போய்விட்டிருந்தார். மதியத்துக்கு மேல் அவருக்கு வேறு ஊரில் வேலை. வாசலைக் கூட்டிக்கொண்டிருந்த அம்மா, அடுத்த வாரம் வாங்க என்றார்கள்.

வீட்டுக்கு வந்து, தம்பியை வரச்சொல்லி, அவரை இறக்கிக் குளிப்பாட்டிப் படுக்க வைத்தோம். தம்பி போன பிறகு அவர் சொன்னார்.

“இனிமே வேண்டாம் புள்ள. மேலயே இருந்துக்கறேன்.”

பயிற்சியை விட்டால் இருக்கிற கொஞ்சமும் போய்விடும் என்று அந்தப் பெண் சொன்னது எனக்கு ஞாபகம் இருந்தது. அதை நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சரிங்க என்றேன். அன்றைக்கு எனக்கு வந்தது நிம்மதிதான். அந்த நிம்மதி அடுத்த வாரம் போகாமல் இருந்தபோது போய்விட்டது. அதற்கு அப்புறம் வந்ததற்கு எனக்குப் பெயர் தெரியவில்லை.

முதலில் அந்தப் பெண் போன் செய்து, எப்படி எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். நான் காலையில் செய்துவிடுவேன். என் கைக்கு அவ்வளவு பக்குவம் இல்லை. முழங்கால் மடங்குவது குறைந்தது, பிறகு நின்றுவிட்டது. போனும் நின்றுவிட்டது. அவர் கால்கள் இப்போது என் கைக்குள் அடங்கும்.

நான் இன்னமும் வண்டி ஓட்டுகிறேன். சோளக்காடு வரை, அவ்வளவுதான். பழத்தைத் தம்பி கீழே கொண்டுபோகிறான். முன்பெல்லாம் அவன் கிளம்பும்போது என் கணவர் கூப்பிட்டு, எங்கே திரும்ப வேண்டும், எப்படி நிற்க வேண்டும் என்று சொல்லித்தான் அனுப்புவார். தம்பியும் கேட்டுக்கொண்டு நிற்பான். போய் எதிர்த்திசையில்தான் போவான். அது அவருக்கும் தெரியும். இருந்தாலும் சொல்வார்.

போன வாரம் தம்பி மண்டியிலிருந்து திரும்பி, எங்கள் வீட்டில் கொஞ்சம் உட்கார்ந்தான். அந்தக் கான்கிரீட் கட்டைகளுக்கு எதிரே, ஓரத்தில் எதிர்த்திசையில் வந்த ஒரு ஆட்டோவைக் கார் அடித்துவிட்டது என்றான். கூட்டமாக இருந்ததாம். இறங்கிப் பார்க்கவில்லை என்றான். நான் என் கணவரைப் பார்த்தேன். யாருக்கு என்ன ஆனது, எப்படி நடந்தது என்று கேட்பார் என்று நினைத்தேன். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுக்க வேண்டும் என்று கை காட்டினார். நானும் தம்பியும் ஆளுக்கு ஒரு பக்கமாகப் பிடித்து அவரைத் திருப்பிப் படுக்க வைத்தோம். நாளைக்கும் அன்னாசி லோடு இருக்கிறது, வெள்ளனே கிளம்ப வேண்டும் என்று தம்பி எழுந்தான்.